‘தி’ எங்கே பிடிபடுகிறது? பிரித்தானிய அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

உள்துறை அமைச்சருக்கும், இங்கிலாந்தில் வயது வந்தோர் கல்விக்கு நிதி ஒதுக்கும் அமைச்சர்களுக்கும்,

இங்கிலாந்தில் குடிவரவாளர்களுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை நான். இந்தப் பருவத்திலிருந்து எங்கள் கல்லூரியில் உரையாடல் வகுப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. வாரத்தில் ஒரு மாலை செய்தித்தாளை மேசையில் விரித்து, குடிவரவு பற்றியும் இந்த நாட்டில் ஒன்றி வாழ்வது பற்றியும் பேசிக்கொண்டே இலக்கணம் படித்த வகுப்பு அது. இப்போது அதே நேரத்தில் அதே மாணவர்கள் ஆளுக்கொரு கணினியின் முன் அமர்ந்து, கோடிட்ட இடங்களில் ‘ஏ’ (a), ‘ஆன்’ (an), ‘தி’ (the) என்று நிரப்புகிறார்கள். ஏன் என்று கேட்டேன். தேர்ச்சி விகிதம் காட்டாத வகுப்புக்கு நிதி கிடைப்பதில்லை என்றார்கள். குடிவரவு வகுப்பறையில் பேசுவதற்கு உகந்த விடயம் அல்ல, மனங்களைப் புண்படுத்தும் என்றும் சொன்னார்கள். அந்தக் கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. நீங்கள் கொடுத்த பணத்துக்குள், நீங்கள் வகுத்த அளவுகோலின்படியே அதன் நிர்வாகிகள் நடந்துகொண்டார்கள். கேட்க வேண்டியது உங்களிடம்தான்.

இதன் ஆங்கிலப் படியை உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2021 குடிசன மதிப்பீட்டின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகக் கொண்டவர்கள் ஒன்றேகால் இலட்சம் அளவில் இருக்கிறார்கள். உங்கள் தேர்வுக்காக இரவில் கண்விழித்துப் படிக்கிறவர்களில் அவர்களும் அடங்குவர். அவர்களைப் பற்றி நான் என்ன கேட்கிறேன் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2025 மே 12 அன்று, அரசின் கொள்கையைச் சொல்லும் குடிவரவு வெள்ளை அறிக்கையை வெளியிட்டீர்கள். நிரந்தர வதிவிடத்துக்கான பொதுவான காத்திருப்பை ஐந்து ஆண்டுகளிலிருந்து பத்தாக்கவும், அதற்கான ஆங்கிலத் தகுதியை பி1 என்ற இடைநிலையிலிருந்து பி2 என்ற மேல் இடைநிலைக்கு உயர்த்தவும் அதில் முடிவு சொன்னீர்கள். 2026 ஜனவரி 8 முதல், திறன்சார் பணி விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்பவரிடம் பி2 கேட்கிறீர்கள். 2025 நவம்பரில் முன்வைத்த திட்டத்தில், அதற்கும் மேலான சி1 நிலையை எட்டியவருக்குக் காத்திருப்பில் ஓராண்டு குறையும் என்றும் எழுதினீர்கள். ஒருவர் எத்தனை ஆண்டுகள் நிச்சயமில்லாமல் வாழ வேண்டும் என்பதை இனி அவருடைய ஆங்கிலம் தீர்மானிக்கும். இவ்வளவு பாரத்தை ஒரு மொழித் தேர்வின் மேல் ஏற்றுகிறவர்கள், அந்த மொழி மனிதருக்கு எப்படி வசப்படுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலம் வேண்டும் என்பதில் எனக்கு உங்களோடு பிணக்கு இல்லை. மருத்துவரிடம் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துப்போகும் தாயின் கூச்சம் எனக்குத் தெரியும். சம்பளச் சீட்டில் என்ன பிடித்திருக்கிறார்கள் என்று கேட்கத் தெரியாமல் மாதக்கணக்கில் பணம் இழந்தவர்களையும் தெரியும். ஆங்கிலம் அவர்களைக் காக்கும். என் பிழைப்பே அந்த நம்பிக்கையில் நடப்பதுதான். நீங்கள் ஆங்கிலத்தைக் கேட்கிறீர்கள், அது விளையும் நிலத்தை மட்டும் பறித்துக்கொண்டே போகிறீர்கள். என் முறைப்பாடு அதுதான்.

ஆர்ட்டிக்கிள்கள் எனப்படும் ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ ஆகிய சொற்களை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் சொல் ‘தி’. பிறமொழியாளருக்குக் கடைசிவரை பிடிகொடுக்காத சொல்லும் அதுவே. தமிழிலோ உருதுவிலோ போலிஷிலோ உக்ரைனியத்திலோ சீனத்திலோ அதற்கு நேரான சொல் கிடையாது. அரபியில் ‘அல்’ இருக்கிறது, ‘ஏ’வுக்கு நேரானது இல்லை. சோமாலியில் அது பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. இதற்காக இந்த மொழிகளைப் பேசுகிறவர்களுக்கு வேறுபாடே தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். ‘கடிதம் வாசித்தேன்’ என்பதற்கும் ‘கடிதத்தை வாசித்தேன்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டாவதைக் கேட்டவுடன், எந்தக் கடிதம் என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது என்று புரிந்துகொள்கிறோம். அந்த ‘ஐ’ உருபைக் காட்டி ‘தி’யைத் தொடங்கினால், தலைகுனிந்து அமர்ந்திருப்பவர்கள் நிமிர்கிறார்கள். (எழுவாய்க்கு இந்த வழி உதவாது. அங்கே வேறு பாதை தேட வேண்டும். ஆனால் நுழைவதற்கு ஒரு கதவு கிடைத்துவிடுகிறது.) கணினிப் பயிற்சி இந்தக் கதவைத் திறப்பதில்லை. அதற்கு எதிரே இருப்பவர் தமிழரா சோமாலியரா என்பதே தெரியாது.

பாடநூல் ஒரு விதி சொல்லும்: ஒன்றை முதல்முறை சொல்லும்போது ‘ஏ’, மறுமுறை ‘தி’. பொய்யில்லை. ஆனால் வகுப்பறைக்கு வெளியே கால் வைத்தவுடன் அந்த விதி கைவிட்டுவிடும். கவுன்சிலிலிருந்து வரும் கடிதம் முதல் வரியிலேயே ‘தி கவுன்சில்’ என்கிறது. பள்ளி வாசலில் நிற்கும் தாய், பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டு அழைத்துவருவதை, முன்பின் பேச்சில்லாமல் ‘தி ஸ்கூல் ரன்’ என்கிறார். ‘தி’ என்றால், ‘நான் எதைச் சொல்கிறேன் என்று உனக்கும் தெரியும்’ என்று பொருள். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் பொதுவான ஓர் அறிவு இருக்கிறது என்பதே அந்தச் சொல்லின் இலக்கணம். அந்தப் பொது அறிவு கூடி வாழ்ந்து, அயலாரோடு பேசிப் பழகிச் சேர்வது. நீங்கள் ஒருங்கிணைவு என்று அழைப்பதும் ஏறக்குறைய அதைத்தானே? பிறகு ஏன் ஒன்றைத் தேர்வுக் கட்டணம் வாங்கிச் சோதிக்கிறீர்கள், மற்றதற்கு நேரம் ஒதுக்கிய வகுப்பை மூடும்படி வைத்துவிட்டீர்கள்?

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்யும் ஒரு பெண் எங்கள் வகுப்புக்கு வருகிறார். ஒரு மாலை முகம் கறுத்து வந்து அமர்ந்தார். அன்று காலை வேலையை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது, ஒரு மூதாட்டி சில கரண்டி உணவு சாப்பிட்டதாகக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ‘ஏ ஃபியூ’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஃபியூ’ மட்டும் இருந்தது. சாப்பிட்டதே இல்லை எனும் அளவுக்குக் குறைவு என்று தாதி புரிந்துகொண்டார். விசாரணை, தொலைபேசி அழைப்புகள், மூதாட்டியின் மகளுக்குப் பதற்றம். அந்தப் பெண் சமைத்துக்கொடுத்து, பக்கத்தில் இருந்து ஊட்டியும் விட்டவர். அன்று நாங்கள் வேறு பாடம் எதுவும் நடத்தவில்லை. ‘ஃபியூ’வுக்கும் ‘ஏ ஃபியூ’வுக்கும், ‘லிட்டில்’ என்பதற்கும் ‘ஏ லிட்டில்’ என்பதற்கும் நடுவே என்ன இருக்கிறது என்று அவரவர் வேலையிலிருந்து உதாரணம் எடுத்துப் பேசினோம். மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் ஒருவர், ‘இன் ஹாஸ்பிட்டல்’ என்று தொலைபேசியில் சொல்லித் தன் நண்பரைப் பதறவைத்ததைச் சொன்னார். பிரித்தானிய வழக்கில் அப்படிச் சொன்னால் நோயாளியாகப் படுத்திருப்பதாக அர்த்தம். வேலைக்குப் போனவர் ‘இன் தி ஹாஸ்பிட்டல்’ என்றே சொல்ல வேண்டும். அந்த மாலைக்குப் பிறகு அவர்களில் எவரும் இந்த இரண்டிலும் தவறவில்லை. பராமரிப்புப் பணியாளரை வெளிநாடுகளிலிருந்து அழைக்க 2022 பெப்ரவரியில் வழி திறந்தது அரசு, 2025 ஜூலை 22 அன்று அதை மூடியது. அதற்கிடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு அவர்களுடைய வேலையின் ஆங்கிலத்தைக் கற்பிப்பது யாருடைய பொறுப்பு?

குடிவரவைப் பற்றிப் பேசக்கூடாது என்கிறார்கள். எங்கள் மாணவர்கள் வேறெதைக் கேட்கிறார்கள்? பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பேச்சும், வேலையிடத்துத் தொலைக்காட்சியும், பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவரும் கேள்வியும் அதுதான். 2024 ஆகஸ்டில் ரொதரமில் புகலிடக் கோரிக்கையாளர்கள் தங்கியிருந்த விடுதியைக் கும்பல் ஒன்று தாக்கித் தீவைத்தது. கோடை விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கியபோது மாணவர்கள் முதலில் பேசத் துடித்தது அதைப் பற்றித்தான். ஒருவர் எழுந்து, கலங்கிய குரலில், ‘தி இங்கிலிஷ்’ (ஆங்கிலேயர்கள்) எங்களை வெறுக்கிறார்கள் என்றார். நான் அதைப் பலகையில் அப்படியே எழுதினேன். அந்த ‘தி’ யாரையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று வகுப்பைக் கேட்டேன். எல்லோரையும், என்றார் ஒருவர். அதற்குச் சில நாள் முன் சவுத்போர்ட் நகரில் நடந்த கலவரத்தில் உடைந்த பள்ளிவாசல் மதிலை அந்த ஊர் மக்களே மறுநாள் வந்து திருத்திக் கொடுத்ததை இன்னொருவர் நினைவூட்டினார். முதலில் பேசியவர் நெடுநேரம் பலகையைப் பார்த்துவிட்டு, முன்னால் வந்து, ‘தி இங்கிலிஷ்’ என்பதைத் தானே அழித்து ‘சம் பீப்பிள்’ (சிலர்) என்று எழுதினார்.

இந்த நாட்டின் செய்தித்தாள் தலைப்புகளையும் அதே கண்ணால் வாசித்தோம். ‘மைக்ரன்ட்ஸ்’ (குடிபெயர்ந்தோர்) என்று எழுதுவதற்கும் ‘தி மைக்ரன்ட்ஸ்’ என்று எழுதுவதற்கும் தொனி மாறுகிறது. பன்மைப் பெயருக்கு முன் ‘தி’ வந்தால் அந்த மக்கள் ஒரே திரளாக, பேசுகிறவரிலிருந்து விலகியவர்களாகத் தோன்றுகிறார்கள் என்று அமெரிக்க மொழியியலாளர் எரிக் ஆக்டன் 2019-இல் விரிவாக எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு கட்சியினர் தங்கள் கட்சியைவிட எதிர்க்கட்சியைக் குறிப்பிடும்போதே அந்தச் சொல்லைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள் என்பது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. வகுப்பிலிருந்த உக்ரைன் பெண் ஒருவர் இதைக் கேட்டதும் தன் நாட்டின் கதையைச் சொன்னார். ஆங்கிலத்தில் அதை முன்பு ‘தி உக்ரைன்’ என்றே எழுதினார்கள். 1991-இல் சுதந்திரம் பெற்ற பிறகு, தங்கள் நாடு வேறொரு நாட்டின் பிரதேசம் அல்ல என்று சொல்லி அந்த ‘தி’யை நீக்கும்படி அந்த மக்கள் வேண்டினார்கள். ஆர்ட்டிக்கிள் பயிற்சித்தாளில் தடுமாறிக்கொண்டிருந்த அந்தப் பெண் அதைச் சொன்னபோது ஓர் ஆர்ட்டிக்கிளும் பிசகவில்லை.

இதில் புண்படுத்தும் பேச்சு எது என்று எனக்கு விளங்கவில்லை. புண்பட்டவர்கள் தங்கள் புண்ணுக்குச் சொல் தேடினார்கள். தேடியபோது இலக்கணம் வந்தது. தங்களைப் பற்றிப் பிறர் பேசும் மொழியை நின்று கவனிக்கவும், தாங்கள் பிறரைப் பற்றிப் பேசும் மொழியைத் திருத்திக்கொள்ளவும் கற்றார்கள். வெள்ளை அறிக்கை வெளியான அதே நாளில், இந்த நாடு அந்நியர்களின் தீவாகிவிடும் ஆபத்து இருக்கிறது என்று பிரதமர் எச்சரித்தார். அந்தச் சொற்களுக்காக வருந்துவதாகப் பின்னர் அவரே சொன்னார். அந்நியம் குறைய வேண்டும் என்பதே உண்மையான அக்கறையானால், அது குறைந்துகொண்டிருந்த அறை ஒன்றை நான் உங்களுக்குக் காட்டியிருக்கிறேன்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பி1 நிலையை எட்டத் தொடக்கத்திலிருந்து 350 முதல் 400 மணி நேரமும், பி2 நிலையை எட்ட 500 முதல் 600 மணி நேரமும் ஆசிரியர் வழிகாட்டும் கற்றல் வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீடு. வாரம் நான்கு மணி நேர வகுப்பு என்றால், இந்த ஒரு படியை ஏறவே ஒரு கல்வியாண்டு போதாது. அதுவும் இரவு வேலையால் எந்த வகுப்பும் தவறாமல் இருந்தால். இங்கிலாந்தில் குடிவரவாளர் ஆங்கில வகுப்புகளுக்கான அரச நிதி 2009–10-இல் ஏறத்தாழ 20 கோடி பவுண்டாக இருந்தது. 2015–16-இல் 9 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது. 2021 குடிசன மதிப்பீட்டில், ஆங்கிலம் நன்றாகப் பேச வராது என்றோ அறவே வராது என்றோ பதிந்தவர்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகப் பத்து இலட்சத்துக்கும் மேல். இங்கிலாந்தில் நிதியுதவி பெற்ற வகுப்பில் சேரப் பொது விதியாக மூன்று ஆண்டு வதிவு கேட்கிறீர்கள், புகலிடக் கோரிக்கையாளருக்கு ஆறு மாதக் காத்திருப்பு. மொழி மிக வேகமாக ஏறும் முதல் ஆண்டுகளில் கதவைச் சாத்திவைத்துவிட்டு, கடைசி ஆண்டில் பி2 எங்கே என்று கேட்பது எந்த நியாயத்தில் சேரும்? நிரந்தர வதிவிட விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2025 ஏப்ரலில் 3,029 பவுண்டானது. ஐக்கிய இராச்சிய வாழ்க்கைத் தேர்வுக்கு 50 பவுண்ட், ஆங்கிலத் தேர்வுக்குத் தனி. பணம் வாங்கும் இடங்கள் எல்லாம் ஒழுங்காகத் திறந்திருக்கின்றன.

ஆர்ட்டிக்கிள் பிழையை எந்தத் தராசில் நிறுப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். நீங்கள் பயன்படுத்தும் பி1, பி2 என்ற படிகள் ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்திலிருந்து வந்தவை. அந்தச் சட்டகம் பி2 நிலையில் இருப்பவரிடம் பிழையே இல்லாத ஆங்கிலத்தைக் கேட்கவில்லை. புரிதலைக் குலைக்கும் பிழைகளைச் செய்யாத அளவு இலக்கணக் கட்டுப்பாட்டைத்தான் கேட்கிறது. ‘ஏ’யை விட்டுவிட்டு ‘ஐ ஹேவ் ஹெடேக்’ என்பவரின் தலைவலி எந்த மருத்துவருக்கும் புரிகிறது. ‘ஃபியூ’, ‘ஏ ஃபியூ’ குழப்பம் வேறு வகை, அது ஆளைப் பாதிக்கும். எங்கள் மாணவர்கள் இப்போது நிரப்பும் கணினிப் பயிற்சியில் இரண்டுக்கும் ஒரே சிவப்புக் குறி. பல பத்தாண்டுகள் ஆங்கிலத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதும் பேராசிரியர்களுக்கும் ‘தி’ ஓரிடத்தில் வழுக்கத்தான் செய்கிறது. அந்த வழுக்கலை வைத்து ஒரு துப்புரவுத் தொழிலாளியின் ஒருங்கிணைவை அளக்கத் தொடங்கினால், அந்த அளவுகோல் பொய் சொல்லும்.

நான் கேட்பவை இவை. நிரந்தர வதிவிடத்துக்கு பி2 கேட்பதானால், அந்த நிலைக்கான வகுப்பு ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் எட்டும் தூரத்தில், மாலையிலும் வார இறுதியிலும், கட்டணமின்றி இருக்க வேண்டும். வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு இடமின்றிக் காத்திருக்கும் ஒருவரிடம் அந்தக் காத்திருப்பு முடியும்வரை பி2 கேட்காதீர்கள். வதிவிடப் பாதையில் இருப்பவர்களுக்கும் அவர்களுடைய துணைவர்களுக்கும் மூன்று ஆண்டு வதிவு விதியை நீக்குங்கள். புகலிடக் கோரிக்கையாளரின் ஆறு மாதத்தையும் நீக்குங்கள்.

நிதி ஒதுக்கும்போது உரையாடல் நேரத்துக்கென்று ஒரு பங்கைத் தனியே குறித்துக் கொடுங்கள். அதைத் தேர்ச்சி விகிதத்தால் அளக்காதீர்கள். குடிவரவையும் ஒருங்கிணைவையும் வயது வந்தோர் வகுப்பறையில் பேசலாம், பேச வேண்டும் என்று கல்லூரிகளுக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள். நிர்வாகிகள் அஞ்சுவது உங்கள் மௌனத்துக்குத்தான். தேர்வு நடத்தும் நிறுவனங்களுக்கு நீங்கள் கொடுக்கும் அங்கீகாரத்தில் ஒரு நிபந்தனை சேருங்கள்: பொருளைக் குலைக்காத ஆர்ட்டிக்கிள் பிழைகளால் மட்டும் எவரும் பி2-இல் தோற்கக்கூடாது, விடைத்தாளைத் திருத்துகிறவர்களுக்கு அது வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். நிரந்தர வதிவிடத்துக்கான பி2 விதியை நடைமுறைப்படுத்தும் முன், எத்தனை பேருக்கு வகுப்பு தேவைப்படும், எத்தனை இடங்கள் இருக்கின்றன, மீதிப் பேருக்கு என்ன வழி என்பதை நாடாளுமன்றத்தில் வெளியிடுங்கள். அந்தக் கணக்கைத் தயாரிக்கும்போது அதிகாரிகளோடு மட்டும் அமர வேண்டாம். ஆசிரியர்களையும், பராமரிப்பு இல்லத்திலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் வேலை முடித்துவரும் மாணவர்களையும் அதே மேசைக்கு அழையுங்கள். மாலை ஏழு மணிக்குப் பிறகு அழைத்தால் அவர்களால் வர முடியும்.

மாலை நேர ஆங்கில ஆசிரியை ஒருவர்,
இங்கிலாந்து